பார்க்கப்படுதலும் கேட்கப்படுதலும்

எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, இனி யார் வாயையும் யாரும் அடைக்க முடியாது என்று நம் கூட்டங்களிலேயே தோழர்கள் பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச ஒரு கருவி கிடைப்பதும், பேசியதை ஒருவன் காதுகொடுத்துக் கேட்பதும் ஒன்றல்ல. நம்மைப் படம் பிடிக்க எல்லோருக்கும் கருவி கிடைத்துவிட்ட காலத்தில், ‘என்னைப் பிடிக்காதே’ என்று சொல்லும் உரிமை சேரிக்கு உண்டா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துவிட்டு டிஜிட்டல் உரிமை பேசுவது நமக்கு ஆகாது என்பதே என் எண்ணம்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூனில் அங்கும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இத்தனைக்கும் போலீஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரம். முதலில் இது சாராயச் சாவே இல்லை என்று அதிகாரிகள் தரப்பில் மறுத்தார்கள். அந்த மறுப்பு நிலைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வந்த படங்களும் கூடிக்கொண்டே போன பிணங்களும் அதை நிலைக்கவிடவில்லை. கேமரா வராமல் இருந்திருந்தால் பாதிச் சாவு வயிற்றுவலிக் கணக்கில் போயிருக்கும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே கேமராக்கள் தெருவுக்குள்ளும் வந்தன. மாரில் அடித்துக்கொண்டு அழுத பெண்கள், திறந்து கிடந்த வீடுகள், வரிசையாக எரிந்த சிதைகள் என்று நாடு முழுக்கப் பார்த்தது. பார்த்துவிட்டு, ‘குடிச்சிட்டு செத்தவனுக்குப் பத்து லட்சமா?’ என்று டீக்கடையிலிருந்து டி.வி. வரைக்கும் பேசியது. ‘எங்க ஊட்ல பொணம் கெடக்கு, நீ எதுக்குய்யா எம் மூஞ்சியப் புடிக்கிற?’ என்று அந்தத் தெருவில் ஒருத்தி கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? உன் நன்மைக்குத்தான் என்று சொல்லலாம். அப்படித்தான் நம்மிடம் எல்லாரும் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர் சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். எதுக்கு சார் என்றதற்கு, ‘மேல கேக்குறாங்கப்பா’ என்றார். அதே தெரு சுடுகாட்டுப் பாதை கேட்டுக் கொடுத்த மனு மட்டும் எந்தப் போனிலும் ஏறவில்லை. நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்வார்கள், நாம சொல்றது மட்டும் காதில் விழாது. அதிகாரம் சேரியோடு வைத்திருக்கிற உறவு இதுதான்.

இது செல்போனோடு வந்த சிக்கலும் அல்ல. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஊரான் வசவாகச் சொன்ன பெயரையே தலைப்பில் ஏற்றினார். 1896-ல் அதில் வந்த ஒரு வாசகர் கடிதத்துக்காக வழக்குப் போட்டு, ஆசிரியர் என்ற முறையில் அவருக்கு 100 ரூபாய் அபராதம் விதித்தார்கள். எழுதியவன் ஒருவன், அச்சேற்றியவன் தலையில் அபராதம். இன்றைக்கு ஒருவன் எழுதியதைப் பகிர்ந்தவன் மேல் பாய்கிற வழக்குகளுக்கு இது முன்னோடி. ஆனாலும் அந்தப் பெயரை வெளியில் வைத்தது அவர். அடுத்தவன் நம்மை அம்பலப்படுத்துவதற்கும், நாமே நம்மை அறிவித்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் ‘மூக்நாயக்’கைத் தொடங்கியதும் இந்த இரண்டாவது வேலைக்காகத்தான்.

சட்டம் நமக்கு ஓரளவு கைகொடுத்திருக்கிறது. 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. ஆனால் அதே 2017-ல்தான், நெல்லை கலெக்டர் ஆபீஸ் முன் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்து எரிந்ததைக் கேலிச்சித்திரமாக வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தார்கள். பிரிவு போனது, போலீஸ் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2015-ல் கோகுல்ராஜ் கொலையில் தேடப்பட்ட யுவராஜ், போலீஸ் கையில் சிக்காமலே மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். டி.வி.யில் பேட்டியும் வந்தது. 2022-ல்தான் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. செத்த பையனுக்குக் குரல் இல்லை, கொன்றவருக்கு நாடு முழுக்கக் குரல். கருவிக்குச் சாதி கிடையாது என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

யோசித்தவர்களில் ஒருவர், அமெரிக்காவில் பிறந்த தமிழ்த் தலித் பெண் தேன்மொழி சௌந்தரராஜன். ஈக்வாலிட்டி லேப்ஸ் என்ற அமைப்பின் வழியாக அவர் செய்துவருவது இரட்டை வேலை. ஒரு பக்கம், இந்தியாவில் ஃபேஸ்புக் வழியே பரவும் சாதிவெறி, மதவெறிப் பேச்சு பற்றி 2019-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மறுபக்கம், களத்தில் நிற்பவர்கள் தங்கள் போனையும் தகவலையும் காத்துக்கொள்ளப் பயிற்சி கொடுக்கிறார்கள். பேசவும் வேண்டும், பேசுகிறவள் பத்திரமாகவும் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் அவர் வடிவமைத்த, பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்ற சுவரொட்டியை சங்கபாலி அருணா கொடுக்க, ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி கையில் பிடித்து நின்றார். ஆதிக்க சாதிகள் கூச்சல் போட்டதும் அந்தக் கம்பெனி வருத்தம் தெரிவித்துப் பின்வாங்கியது. 2022 ஏப்ரலில் கூகுளில் சாதி பற்றி அவர் பேச இருந்த கூட்டம் ரத்தானது. அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். உலகத்தையே இணைக்கிறோம் என்கிற கம்பெனிக்குள்ளும் ஊர் தனி, சேரி தனி.

இப்போது கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் கிடந்த மலை. அங்குள்ள மலையாளிப் பழங்குடிகளை வெளியுலகம் எப்போது பார்க்கிறது? சாராய ஊறல் அழிப்பு என்று போலீஸ் மலை ஏறுகிறபோது. உடைந்த பேரல்தான் அந்த மலையின் முகம். பட்டாவுக்கும் ரோட்டுக்கும் அந்த ஜனங்கள் காலமெல்லாம் கொடுத்த குரல் எங்கே போனது? கருணாபுரத்துச் சாவுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்தது. கீழே அத்தனை பேர் சாக வேண்டியிருந்தது, மேலே இருப்பவன் மனுஷன் என்று பதிவாக. இணைய வசதி பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019-லேயே சொன்னது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போனுக்குள் போனபோது, டவர் எட்டாத மலை ஊர்ப் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா என்று மாணவத் தோழர்கள் கேட்பார்கள். எடுக்க வேண்டும். மறைத்தால் கொன்றவனுக்கு லாபம். ஆனால் காட்டு என்று சொல்ல வேண்டியது செத்தவர் வீட்டு ஆள். எதைக் காட்டலாம், யார் பெயரைச் சொல்லலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அவர்கள் முடிவுதான். போலீசையும் அதிகாரியையும் கம்பெனிக்காரனையும் படம் பிடிக்க இந்த அனுமதி தேவையில்லை. அவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்கள், பார்க்கப்பட வேண்டியவர்கள். கீழே இருப்பவனுக்கு மறைவும் மேலே இருப்பவனுக்கு வெளிச்சமும்தான் நியாயம். இன்றைக்கு அது தலைகீழாகக் கிடக்கிறது.

பத்திரிகைக்காரர்களாக, எழுதுகிறவர்களாக வருகிற நம் பிள்ளைகள் போனை எடுப்பதற்கு முன் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்கட்டும். படம் அதற்கப்புறம்.