யார் செய்த வினை?

துன்பம் வந்துற்றபோது அதன் காரணத்தைத் தேடுவது மனித இயல்பு. தன் செயலில் காரணம் காணாதவன், முற்பிறவியில் செய்த வினை என்று கூறி அமைதி கொள்கின்றான். தான் செய்ததைத் தானே நுகர்தல் நீதி என்பதே அவ்வமைதியின் அடிப்படை. ஆனால், பிறர் செய்த வினையின் பயனை இன்னும் பிறவாத குழந்தை சுமக்குமாயின், அதனையும் நீதி என்பதா? தாயின் உணவுக்கும், பிள்ளைக்குப் பின்னாளில் வரும் நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த மருத்துவ இயல் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வீழ்ந்தது. 1944 செப்டம்பரில் அந்நாட்டு இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குத் தண்டனையாக ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்தனர். ஒருவர்க்குரிய அன்றாடப் பங்கீட்டு உணவு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. 1945 மே மாதம் விடுதலை வந்தது, பசியும் நீங்கியது. ஆனால் அது முற்றிலும் நீங்கவில்லை என்பது அரை நூற்றாண்டு கழித்தே தெரிந்தது. அப்பசிக்காலத்தில் கருவில் இருந்தோரை ஏறத்தாழ ஐம்பதாம் வயதில் ஆராய்ந்தபோது, சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் அவர்களிடம் குன்றியிருக்கக் கண்டனர். கருவின் தொடக்க மாதங்களில் பசியைக் கண்டவர்கள் பிறக்கும்போது எடை குறைந்திருக்கவில்லை. எனினும் நடுவயதில் இதயநோய் அவர்களிடம் மிகுந்திருந்தது.

இதற்கு இங்கிலாந்து அறிஞர்களான ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் 1992-இல் ஒரு விளக்கம் கூறினர். உணவு குறையும்போது கரு சிக்கனம் பழகுகின்றது. மூளையைக் காக்கும்பொருட்டுக் கணையம் முதலிய உறுப்புகளின் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கின்றது. வறிய உலகை எதிர்பார்த்து அமைந்த அவ்வுடல், பின்னர் வளமான உணவைச் சந்திக்கும்போது தடுமாறுகின்றது.

நம் நாட்டின் செய்தி இன்னும் நெருக்கமானது. புனே நகரையடுத்த ஆறு சிற்றூர்களில் 1993-இல் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கருவுற்ற பெண்களை ஆராயத் தொடங்கினர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. மெலிந்த அக்குழந்தைகளிடம் தசை குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. கீரையும் பழமும் பாலும் மிகுதியாக உண்ட தாயரின் குழந்தைகள் வளர்ச்சியில் மேம்பட்டிருந்தன. தாயரின் கடும் உழைப்போ குழந்தையின் வளர்ச்சியைக் குறைத்தது.

இவற்றைக் கேட்டவுடன், ‘தாய் சரியாக உண்ணவில்லை’ என்று விரல் நீட்டுவோர் உளர். இதனினும் கொடிய அநீதி வேறில்லை. நெதர்லாந்துத் தாய் பசியை விரும்பி ஏற்றாளா? கழனியில் வளைந்து உழைத்து, வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் நம் ஊர்ப் பெண், கீரையும் பாலும் வேண்டாமென்றா ஒதுக்கினாள்? உண்கலம் அவளுடையது, அதில் விழும் சோற்றை அளப்பவை கூலியும், குடும்ப வழக்கமும், அரசும், போரும் ஆகும். ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கிப் பலவகைச் சோறு படைக்கும் நாம், கரு உருவாகும் முதல் மாதங்களில் அவள் என்ன உண்டாள் என்று கேட்டதுண்டா? அவள் சிறுமியாக இருந்தபோது அண்ணனுக்கு ஈடாக உண்டாளா என்றாவது எண்ணியதுண்டா?

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற பெண்ணுக்கும், மகப்பேற்றுக்குப் பின் ஆறு மாதம் வரை தாய்க்கும், அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறும் உரிமையை வழங்கியது. கருணையாகக் கருதப்பட்டதை உரிமையாக ஏற்றது அச்சட்டத்தின் சிறப்பு. ஆயினும் சட்டம் அடுக்களைக்குள் நுழைந்து பரிமாற இயலாது. அங்கே செய்ய வேண்டியதைக் குடும்பத்தார்தாம் செய்தல் வேண்டும்.

கருவில் நேர்ந்தது மாற்றவியலாத தலையெழுத்தும் அன்று. அது நோய்க்கு இடந்தரும் சாய்வே. பிந்தைய உணவும் உழைப்பும் அதனைத் தணிக்க வல்லன. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பிறவாத குழந்தைக்கு முற்பிறவி உண்டோ இல்லையோ, முன் தலைமுறை ஒன்று உண்டு. அத்தலைமுறை நாம். நம் வினையை நாம் செம்மை செய்யாவிடில், அதன் பயனை நுகர்வோர் நம்மைக் கேள்வி கேட்கவும் இயலாதவர் என்பதை மறத்தலாகாது.