விடியற்காலைக் கடன்

பொருளீட்டும் பொருட்டு வீட்டை விட்டு நீங்குகிறவனை உலகம் குறை சொல்வதில்லை. கப்பலேறிப் போய் மூன்று வருஷம் திரும்பாதவனுக்கும், இரவெல்லாம் ஆலையில் நின்றுவிட்டுப் பகலெல்லாம் உறங்குகிறவனுக்கும், ‘எல்லாம் குடும்பத்துக்காகத்தானே’ என்ற சமாதானம் எப்போதும் தயாராக இருக்கிறது. காலணாவும் கைக்கு வராத ஒரு காரியத்துக்காக, ஆசை ஒன்றையே மூலதனமாகக் கொண்டு, ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து சைக்கிளை ஓசைப்படாமல் வாசலுக்கு இறக்குகிற சம்சாரிக்கு என்ன சமாதானம் உண்டு? அமெச்சூர் பந்தயக்காரன் என்று பெயர் பெற்ற இவனுடைய வழக்கு, மேலுக்குத் தோன்றுமளவு அற்பமானதன்று.

இங்கிலாந்தில் இந்த வழக்குக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவதை அந்நாட்டுச் சைக்கிள் சங்கமே விலக்கிவிட்ட நிலையில், பிட்லேக் என்பவர் 1895-ஆம் ஆண்டில் ஒரு மாற்று வழி கண்டார்: ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்பட்டு, பக்கத்தில் வருகிறவனோடு அன்றிக் கடிகாரத்தோடு போட்டியிடுவது. போலீஸ்காரர் கண்ணில் படாதிருக்கும் பொருட்டு, விடியற்காலை வேளையும், கழுத்து முதல் கால்வரை கறுப்புடையும், சாலையின் பெயரை மறைக்கிற எழுத்தும் எண்ணும் கலந்த சங்கேதக் குறியும் வழக்கத்துக்கு வந்தன. கறுப்புடை எப்போதோ போய்விட்டது; சங்கேதமும் விடியற்காலையும் நிலைத்துவிட்டன. ஆகவே இந்தப் பந்தயக்காரன் செலவிடுவது உத்தியோகத்துக்குரிய பொழுதையன்று, வாரம் முழுவதிலும் வீட்டுக்கென்று மிஞ்சி நிற்கிற அந்த ஒரு காலைப்பொழுதை.

அவனுக்காக வாதாடுகிறவர்கள் தேகாரோக்கியத்தைச் சொல்வார்கள். தகப்பனைப் பார்த்துக் குழந்தைகள் சிரத்தையும் ஒழுங்கும் கற்றுக்கொள்ளும் என்பார்கள். இவை வியாபாரியின் வாதங்கள். தேகசுகமே குறியானால் அரை மணி நேரம் ஊரைச் சுற்றி வந்தால் போதும். அவனுக்கு வேண்டியது இருபத்தைந்து மைலை ஒரு மணிக்குள் கடப்பது. கடந்துவிட்டால் அதிலும் ஒரு நிமிஷம் குறைப்பது. பலனைக் கருதாத இந்த வைராக்கியத்துக்குப் பக்கத்து உவமை தவம்தான். ஆனால் பழைய தபசி காட்டுக்குப் போய்விட்டான். இவனோ பத்து மணிக்கு வியர்வையோடு திரும்பி வந்து, பலகாரம் ஆயிற்றா என்று கேட்கிறான்.

லீட்ஸ் நகரத்துக்கு அருகே மோர்லியில் வாழ்ந்த பெரில் பர்ட்டன் என்னும் மாதரசியின் வாழ்க்கையில் இந்தப் பிரச்சினையை முழு உருவத்தில் காணலாம். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அவர், தையல் ஆலையொன்றில் வேலை பார்த்தபோது சார்லி என்னும் இளைஞரைச் சந்தித்தார். சைக்கிள் பைத்தியம் முதலில் சார்லிக்கே இருந்தது. 1955-இல் விவாகம், மறு வருஷம் டெனிஸ் என்ற மகள்; அதற்குள் மனைவியின் வேகம் கணவருடைய வேகத்தை விஞ்சத் தொடங்கிவிட்டது. பிறகு உலகப் பட்டங்கள் ஏழு. ஆண்டு முழுவதும் சிறந்து ஓடியவருக்கு அந்நாட்டில் அளிக்கும் பட்டம், 1959 முதல் இடையறாது 25 வருஷம். தொழில்முறைக்கு வரும்படி வந்த அழைப்பை மறுத்துவிட்டு, ரூபார்ப் என்னும் புளிப்புத் தண்டுக் கீரை விளையும் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து கூலி வேலை செய்தார்.

1967-இல் பன்னிரண்டு மணி நேரப் பந்தயமொன்றில், ஆண்களில் முதல்வராகச் சென்றுகொண்டிருந்த மக்நமாராவை அவர் எட்டிப் பிடித்தார். தாண்டிப் போகிற கணத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், சட்டைப் பையிலிருந்து ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினாராம், அவரும் வாங்கிக்கொண்டாராம். அன்று அந்த மனிதர் 276.52 மைல் ஓடி ஆண்களின் சாதனையைப் புதுப்பித்தார். பெரில் ஓடியது 277.25 மைல்.

இத்தனைக்கும் நடுவே சார்லி தம்முடைய பந்தயங்களை விட்டுவிட்டார். மனைவியைக் காரில் அழைத்துச் சென்றவரும், சக்கரத்தைச் செப்பனிட்டவரும், கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சாலையோரத்தில் நின்றவரும் அவரே. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் ‘பாவம், அந்தக் கணவர்’ என்று சொல்லியிருப்பார்கள். பந்தயம் ஓடியவர் தகப்பனாக இருந்து, சாலையோரத்தில் நின்றவள் தாயாக இருந்தால், பாவம் என்ற சொல் யார் வாயிலும் வந்திராது. எத்தனையோ வீடுகளில் அந்தச் சார்லி பெயரில்லாத ஒரு மனைவி என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

சம்மதித்துத்தானே செய்தார் என்பது சரியே. ஆனால் சம்மதம் ஒருமுறை கொடுக்கப்படுகிறது, செலவாவது ஞாயிறுதோறும். ‘இந்த வாரம் வேண்டாம்’ என்று சொன்னால் வீட்டில் முகங்கள் கறுக்காது என்ற நிச்சயம் இருந்தால்தான், சொல்லாமலிருப்பதும் சம்மதமாகும். சார்லிக்கு அந்த நிச்சயம் இருந்ததா என்பது அவ்விருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். குழந்தையின் நிலைமையோ வேறு. அதை யாரும் கேட்கவேயில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து, 1976-இல் தேசியச் சாலைப் பந்தயத்தில் தாயோடு ஓடி, கடைசி எல்லையில் தாயையே பின்தள்ளி முதலில் வந்தது. பரிசு மேடையில் மகளுக்குக் கைகொடுக்கத் தாய் மறுத்துவிட்டார். கல்நெஞ்சம் என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் பெரிலின் மனத்தாங்கல் தோற்றதைப் பற்றியதன்று. கூட்டமாக ஓடும் பந்தயத்தில் முன்னால் செல்கிறவர் காற்றை உடைக்கிறார். பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பிரயாசை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே முறை வைத்து முன்னால் போவது நியாயம் என்பது அங்கே எழுதாத சட்டம். தன் பங்குக் காற்றை மகள் உடைக்கவில்லை என்பதே தாயின் புகார். பத்து வருஷம் கழித்துத் தம் சுயசரிதையிலும் அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

புகாரில் நியாயம் இருக்கலாம். எனினும் யோசித்துப் பார்த்தால், பெரில் அரசியாக விளங்கியது வேறோர் ஓட்டத்தில்: கடிகாரத்தோடு ஓடும் தனி ஓட்டத்தில். அதில் மற்றொருவர் மறைவில் ஒண்டிச் செல்வதே குற்றம். இருபது வருஷமாக அந்தத் தனி ஓட்டத்தின் ஒவ்வொரு விடியற்காலையிலும், சமையலறையிலும் காரிலும் சாலையோரத்திலும் ஒருவர் முன்னால் நின்று காற்றை உடைத்துக்கொண்டிருந்தார். முறை மாற்றிக்கொள்ளும்படி அவர் கேட்டதாக எங்கும் பிரஸ்தாபமில்லை. மேடையில் மகளிடம் கோரிய அந்தச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், கணக்கு யார் பக்கம் சாயும் என்பது பெரிலுக்கும் இனிமையான விசாரணையாக இருந்திராது.

கைகொடுக்காத கதையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1982-இல் அதே தாயும் மகளும், இருவர் மிதிக்கும் ஒரே சைக்கிளில் பத்து மைலை 21 நிமிஷம் 25 விநாடியில் கடந்து, பெண்களுக்கான பிரிட்டிஷ் சாதனையை நிறுவியதைச் சொல்கிறவர்கள் குறைவு. அந்த வகை வண்டியில் முன்னிருப்பவர் முழு நேரமும் காற்றை உடைத்தே ஆக வேண்டும். முறை மாற்ற வழியில்லை. ஆனால் இருவர் மிதிக்கட்டைகளும் ஒரே சங்கிலியால் பிணைந்திருப்பதால், பின்னிருப்பவர் மிதிக்கிறாரா இல்லையா என்பதை முன்னிருப்பவர் திரும்பிப் பாராமல் தம் காலிலேயே உணர்ந்துகொள்கிறார்.