தன் நிழலில் ஒரு பட்டறை

கார் ஷெட்டை மரப்பட்டறையாக்குகிறவர்களில் பலர் செய்யும் தவறு, நடு உத்தரத்தில் ஒரே ஒரு பல்பு. வேலை மேசையோ சுவரோரம். ஆள் விளக்குக்கு முதுகு காட்டி நிற்கிறார். பென்சில் கோட்டின் மேல் அவருடைய நிழலே விழுகிறது. குற்றம் விளக்கினுடையதா?

விளக்கும் இருளும் தத்துவத்துக்கும் பழகிய உவமைகள்தான். கண்ணுக்குப் பார்க்கும் திறன் உண்டு, வெளிச்சமின்றிப் பார்க்காது. உயிரும் அப்படியே, அருளின்றி அறியாது என்கிறது சைவ சித்தாந்தம். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் எழுதிய திருவருட்பயன் இன்னும் நுட்பமாகப் போகிறது. இருள் பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டிவிடும். உயிரின் அறிவை மூடியிருக்கும் ஆணவ மலமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும். பட்டறைக்காரருக்கு இது சட்டென்று புரியும். இருட்டென்றால் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டுவார். தன் நிழலில் இழைப்பவர், வெளிச்சம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

வெளிச்சமே ஏமாற்றுவதும் உண்டு. பழைய சோக் வைத்த டியூப் லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி எழும். வேகம் ஒத்துப்போனால், சுழலும் லேத் நின்றுவிட்டதுபோலத் தெரியும். (சித்தாந்திகள் கண்டிருந்தால் ஓர் உவமை கூடியிருக்கும்.)

மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, நீளவாக்கில், நான்கடி எல்.இ.டி. டியூப் இரண்டு மாட்டினால் நிழல் விலகும். 4000 கெல்வின் நிறம் போதும். வெளிச்சத்தைச் சிமிட்டவிடாத டிரைவர் சுற்று உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.