காரணமில்லாத விதிக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்?

கடலிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல், சிவப்பு மிதவையை இடப்பக்கமும் பச்சை மிதவையை வலப்பக்கமும் விட்டு வர வேண்டும். அதே கப்பல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றுக்குப் போனால் சிவப்பு வலப்பக்கம் வந்துவிடும். 1980இல் டோக்கியோவில் கூடிய மாநாடு உலகத்தை இரண்டு மண்டலங்களாகப் பிரித்துச் செய்த ஏற்பாடு இது. சிவப்புக்கும் இடக்கைக்கும் இயற்கையில் எந்த உறவும் கிடையாது. எல்லோரும் சேர்ந்து மாற்றி வைத்துக்கொண்டிருந்தாலும் கப்பல்கள் பத்திரமாகக் கரை சேரும். ஆனால் ஒருவர் யாருக்கும் சொல்லாமல் ஓரிரவில் இரண்டு மிதவைகளின் நிறத்தை மாற்றிவிட்டால், அதைக் குற்றம் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. அப்படியென்றால், எப்படி வேண்டுமானாலும் இருந்திருக்கக்கூடிய ஒரு விதிக்கு நம்மைக் கட்டிப்போடும் வலிமை எங்கிருந்து வருகிறது? பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் ஹாம் வானொலிக்காரர்களின் மேசைமேல் கிடக்கும் கேபிள்களை வைத்தே இதை ஆராயலாம். மிதவையின் நிறத்தை மாற்றுவது போன்ற காரியம் அங்கே எந்த உறுத்தலும் இல்லாமல் நடந்துவந்திருக்கிறது.

கணினியும் வானொலிக் கருவியும் ஒவ்வொரு பிட்டாகப் பேசிக்கொள்ளும் சீரியல் இணைப்புக்கு ஆர்எஸ்-232 என்ற தரத்தை அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960இல் வகுத்தது. 1969இல் வந்த 'சி' பதிப்பு உலகமெங்கும் பரவியது. 25 பின் கனெக்டரில், கணினியின் பக்கம், 2ஆம் பின் அனுப்பும், 3ஆம் பின் வாங்கும். 1984இல் ஐபிஎம் தன் ஏடி கணினியில் 9 பின் கனெக்டரைக் கொண்டுவந்தபோது இது தலைகீழானது: 2 வாங்கும், 3 அனுப்பும். வானொலிக் கருவிகளில் நிலைமை இன்னும் மோசம். யேசு நிறுவனத்தின் எஃப்டி-817 கருவியில் சின்ன வட்டக் கனெக்டரும் 5 வோல்ட்டும். ஐகாம் ஒரே வயரில் போக்கையும் வரவையும் அடக்கிவிடுகிறது. கென்வுட் டிஎஸ்-2000 நேரடியாக 9 பின்னைத் தருகிறது. வடிவமே வேறாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுவது ஒரே வடிவம்தான். திருகி மாட்டும் 8 பின் மைக் கனெக்டர் ஐகாமிலும் உண்டு, கென்வுட்டிலும் உண்டு; ஒன்று மற்றதில் கச்சிதமாகப் பொருந்தும். ஐகாமில் 2ஆம் பின்னில் 8 வோல்ட் நிற்கிறது, பேசும்போது அழுத்தும் பொத்தான் 5இல். கென்வுட்டிலோ பொத்தான் 2இல், 8 வோல்ட் 5இல்.

ஏற்பாடு பற்றிய இந்தக் கேள்வியை இந்தியத் தத்துவ மரபு சொல்லை வைத்துக் கேட்டிருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பிறப்போடு வந்தது, யாரும் செய்து வைத்ததல்ல என்றது மீமாம்சை தரிசனம். இல்லை, அது ஏற்பாடுதான் என்று மறுத்த நியாய தரிசனத்தார் அந்த ஏற்பாட்டுக்கு இறைவனின் விருப்பத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். வெறும் மனித ஏற்பாடு மனிதரைக் கட்டுப்படுத்தாதோ என்ற கவலை இரண்டு தரப்பிலும் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. 2ஆம் பின் விஷயத்தில் இயற்கையும் இல்லை, இறைவனின் விருப்பமும் இல்லை. ஒரு குழு கூடி எழுதியது, அவ்வளவுதான். ஆனாலும் அது கட்டுப்படுத்துகிறது. அதற்குக் காரணம் அதன் காரணமின்மையே என்பது என் வாதம். காரணமுள்ள விதியைத் தெரியாதவரும் யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம். தீ சுடும் என்று யாரும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டியதில்லை. காரணமில்லாத விதியை எவ்வளவு கூர்மையான அறிவாலும் ஊகிக்க முடியாது. சொன்னவரை நம்புவது ஒன்றே வழி. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கிய குளியாளுக்கும் தோணியில் கயிறு பிடித்தவருக்கும் இடையே இருந்ததும் இந்த நம்பிக்கைதான். கயிற்றின் அசைவுக்கு முன்பே பேசி வைத்த பொருளைத் தவிர வேறு பொருள் கிடையாது. கயிறு பிடிக்க மனைவியின் சகோதரனான மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்ற பேச்சு இந்தக் கரையில் வழங்குவதில் வியப்பில்லை.

ஏற்பாடுகளைக் காப்பாற்ற அறம் எதற்கு, அவரவர் நலனே போதுமே என்று கேட்கலாம். தத்துவஞானி டேவிட் லூயிஸ் 1969இல் வெளியிட்ட நூலில், ஒத்துப்போவதால் எல்லோருக்கும் பயன் கிடைக்கிறது, அதனாலேயே ஏற்பாடுகள் நிலைக்கின்றன என்று விளக்கினார். சாலையில் இடப்பக்கம் ஓட்டுவதற்கு இது சரி, மீறுகிறவரும் அடிபடுவார். கேபிளை மாற்றிப் பற்றவைத்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர் கருவி அவரிடம் நன்றாகவே வேலை செய்யும். பத்து வருடம் கழித்து அதைக் கையில் எடுக்கும் முகம் தெரியாத ஒருவருக்குத்தான் நஷ்டம். தன்னலம் எட்டாத அந்த இடத்தில் அறம் தவிர வேறு காவல் இல்லை. இன்னொரு மறுப்பு கூடுதல் நியாயமானது: மாட்டுகிறவர் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கக் கூடாதா? பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆர்எஸ்-232இல் தகவல் எதுவும் போகாதபோது அனுப்பும் பின்னில் எதிர்மறை வோல்ட் நிற்கும். தரைப் பின்னோடு சேர்த்து அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் வாங்குகிறவர் சோதிக்க முடியும் என்பதால் விற்கிறவர் எடைக்கல்லைக் குறைத்து வைக்கலாம் என்று ஆகிவிடாது. தரத்தை விட்டு விலகவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. இடமில்லை, செலவாகும், 5 வோல்ட் போதும் என்பதெல்லாம் நல்ல காரணங்கள். தரத்தின் வடிவத்தை வைத்துக்கொண்டு உள்ளே வேறு வயரிங் செய்துவிட்டு அதைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை. வடிவமும் ஒரு வாக்கு.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்பவர்கள் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஆழிப்பேரலை அடித்தபோது போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் நிலையம், துண்டுபட்ட அந்தமானுக்கும் இந்திய நிலப்பரப்புக்கும் இடையே செய்தி கடத்தியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்களில் கைபேசிகள் செயலிழந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட இரவில், யாரோ விட்டுச்சென்ற கேபிளை யாரோ ஒருவர் மாட்டுவார். அளந்து பார்க்க அவருக்கு நேரமும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. ஆகவே கேபிள் செய்கிறவர்கள் எந்தப் பின் எங்கே போகிறது, எத்தனை வோல்ட், எந்தக் கருவிக்கானது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, கனெக்டரின் கழுத்தில் தெளிவான டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.