பாட்டனார் சேர்த்த பொழுது

‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். எஞ்சிய நேரத்தை எவ்வாறேனும் கழித்துவிடுவது என்பதே அதன் நேர்பொருள். சீட்டாட்டத்திற்கும் திண்ணைப் பேச்சுக்கும் அப்பெயர் பொருந்தலாம். ஒருவர் ஊதியம் கருதாமலும் பிறர் ஏவாமலும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஒரே செயலை அலுப்பின்றிச் செய்து வந்தாராயின், அதனையும் அப்பெயரால் அழைப்பது முறையாகுமா? அத்தகையவர் மறைந்தபின், அவர் சேர்த்து வைத்தவை பெயரன் பெயர்த்தியருக்கு உடைமையா, கடமையா, அன்றிச் சுமையா? ஊர்விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டிலும் அடுக்ககத்திலும் இடம் தேடி வாழும் நம்மனோர்க்கு இவ்வினா வெறும் ஏட்டளவில் நிற்பதன்று.

என் பாட்டனார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1942ஆம் ஆண்டில் பெங்களூர் வந்தவர். 1940இல் தொடங்கப்பெற்ற விமானத் தொழிற்சாலை, உலகப்போரின் நெருக்கடியால் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அல்சூரில் குடியேறிய அவருக்கு இரண்டு விருப்பங்கள் இருந்தன. ஒன்று ரோஜா வளர்ப்பு. பழைய எண்ணெய்த் தகரங்களில் பதினைந்து, இருபது செடிகள் வைத்திருந்தார். குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி லால்பாகில் மலர்க்காட்சி நடைபெறும்போதெல்லாம் எங்களை அழைத்துச் சென்று, கண்ணாடி மாளிகையில் ஒவ்வொரு ரோஜாவின் முன்பும் நின்று பெயரைக் குறித்துக்கொள்வார். அவர் மறைந்தபின் செடிகள் அக்கம்பக்கத்தார் வீடுகளுக்குச் சென்றன. அவற்றால் எவருக்கும் மனச்சங்கடம் நேரவில்லை. பூத்த பூ அன்றைக்கே தன் கணக்கை முடித்துக்கொள்கிறது.

இரண்டாவது விருப்பம் அப்படிப்பட்டதன்று. வார, மாத இதழ்களில் வரும் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து நூலாகக் கட்டுவது அது. இந்தப் பழக்கம் ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இருந்ததுதான். பாட்டனாரிடம் அது தவமாக இருந்தது. பக்கங்களை வரிசைப்படுத்தி, துளையிட்டு, நூல் கோத்துத் தைப்பார். மைதாப் பசையில் பூச்சி அண்டாதிருக்க மயில்துத்தம் கலப்பார். அட்டை ஒட்டியபின் அம்மிக்கல்லின் அடியில் ஓர் இரவு கிடத்துவார்; மறுநாள் காலையில் சட்னி அரைக்க வேண்டிய பாட்டிக்கும் அவருக்கும் நடக்கும் வாதம் எங்களுக்குத் தனிப்பட்ட ஒரு தொடர்கதை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னை மணியம் அவர்களின் ஓவியங்களோடு அவர் கட்டி வைத்த தொகுதிகள் இன்றும் தையல் விடவில்லை. தொகுதி ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் யார் இரவல் கொண்டு சென்றார், எந்நாளில் திரும்பி வந்தது என்று சிறு எழுத்தில் குறிப்பார். மொத்தம் 72 தொகுதிகள்.

இவற்றை எங்களிடம் அவர் ஒப்படைக்கவில்லை; காப்பாற்றுங்கள் என்று ஒரு சொல்லும் கூறவில்லை. வாக்குக் கொடுக்காத இடத்தில் வாக்குத் தவறுதல் எங்ஙனம் நேரும்? என் தம்பியின் வாதம் இதுவே. நன்றி பாட்டனாருக்கு உரியது, காகிதத்திற்கு அன்று என்பான் அவன். மேலும் ‘பொன்னியின் செல்வன்’ இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறதே என்றும் கேட்பான். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. இறந்தோர் விரும்பியவற்றையெல்லாம் இருப்போர் சுமக்க வேண்டுமென்றால், மூன்று தலைமுறைக்குள் வீட்டில் மனிதர் படுக்க இடமிராது.

ஆயினும் இவ்வழக்கில் பாட்டனார், பெயரன் என இருவர் மட்டுமே உளர் என்று கொள்வதில்தான் என் மனம் இசையவில்லை. மூன்றாமவர் ஒருவரும் உளர். அவர் யாரென்பதைக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் வரலாறு காட்டும். 1907இல் பிறந்த அவர் சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கியவர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் நாட்டம் கொண்டு, பின்னர் சொந்த ஊருக்கே திரும்பி, அங்கேயே தம் சேகரிப்பை வளர்த்தார். நூல்களோடு அவர் நின்றிருந்தால் வியப்பில்லை. நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர் கசக்கி எறிந்தவற்றையும் எடுத்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்குப் பெற்றது. கடல் கடந்து கொண்டு செல்லாமல், 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமையத் துணை நின்றது. அவர் புத்தகம் தேடிய மூர் மார்க்கெட்டோ 1985இலேயே தீக்கிரையாகிவிட்டது.

பாட்டனார் பொருளை விற்பது பழி என்று கருதுவோர் உண்டு. பூட்டிய அறையில் கறையானுக்குப் படைப்பதைவிட, விலை பெற்றேனும் படிப்பவர் கைக்குச் சேர்ப்பது நூறு மடங்கு மேல் என்பது என் கருத்து. யாரோ ஒருவர் வீட்டுத் திருமண அழைப்பிதழ் அவ்வீட்டாருக்குக் குப்பை; நூறாண்டு கழித்து வரும் ஆராய்ச்சியாளருக்குச் சான்று. இன்னும் பிறவாத அந்த அயலாரே நான் கூறும் மூன்றாமவர்.

திருவள்ளுவர், ஒருவர் தக்கவரா அல்லரா என்பதை அவரது எச்சத்தால் அறியலாம் என்றார். ‘எச்சம்’ என்பதற்கு மக்கட்பேறு என்று பொருள் கண்டார் பரிமேலழகர். எஞ்சி நிற்கும் புகழையும் பணியையும் அதில் அடக்கிப் பொருள் உரைப்பாரும் உளர். இரண்டு உரைகளையும் ஒருங்கே நோக்குமிடத்து, எஞ்சிய மக்கள் எஞ்சிய பொருளை என்ன செய்கின்றனர் என்பதும் அக்கணக்கில் சேரும் போலும்.

நான் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளுபவன். எங்கள் நடைமுறைக் கையேட்டில் கோப்புகளுக்கு மூன்று வகுப்புகள் உண்டு. நுண்படம் எடுத்து நிலையாகக் காக்க வேண்டியவை ‘ஏ’. நுண்படமின்றிக் காக்க வேண்டியவை ‘பி’. பத்தாண்டுகளுக்கு மேற்படாமல் வைத்திருந்து கழித்துவிட வேண்டியவை ‘சி’. அன்பினால் வைத்திருக்க வேண்டியவை என்று நான்காம் வகுப்பு இல்லை. இருக்கவும் கூடாது, இருந்தால் எந்தக் கோப்பும் கழியாது. ஆனால் வீடு அலுவலகம் அன்றே!

எம் குழந்தைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்பது அடுத்த தடை. படிக்கத் தெரியாதவர்க்கு இத்தொகுதிகள் எதற்கு என்பர். இதற்கு விடை என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றிலேயே உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் இந்நகரில் தமிழர் அஞ்சி வாழ்ந்த நாள்களை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர் ஓர் இரவில் தாமே வந்து, தொகுதிகள் அனைத்தையும் தம் பிள்ளைகளைக் கொண்டு சுமந்து சென்று தம் பூசை அறைக்கு அருகில் அடுக்கிக்கொண்டார். நகைப் பெட்டியையன்றோ முதலில் கேட்பார்கள் என்று பாட்டி வியந்தார். நிலைமை தணிந்தபின் 72 தொகுதிகளும் வரிசை கலையாமல் திரும்பின. அப்பெரியவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. நண்பர் மதித்த பொருள் என்பது ஒன்றே அவருக்குப் போதுமானதாயிருந்தது. அயலவர் ஒருவர் ஆற்றிய இச்செயலுக்குப் பின், படிக்க வராது என்னும் காரணத்தை எம் குடும்பத்தார் எவரும் வாய்விட்டுச் சொல்ல நாணுவோம்.

எனினும் அல்சூர் வீட்டை இவ்வாண்டு காலி செய்தாக வேண்டும். முடிவும் எடுத்தாக வேண்டும். கதைப் பக்கங்களின் படிகள் பல நூலகங்களில் உள்ளன. இரவல் குறிப்புகள் வேறு எங்கும் இல்லை. அல்சூரிலும் மர்பி டவுனிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எதைப் படித்தன, எத்தனை நாளில் படித்து முடித்தன என்பதற்கு அவையே சான்று. குறிப்புகள் நிறைந்த 31 தொகுதிகளை நூலகம் ஒன்றிற்கு வழங்கி, எஞ்சியவற்றை உடன்பிறந்தார் பகிர்ந்துகொள்ளலாம் என்றேன். தம்பி இசைந்தான். தங்கை இசையவில்லை. பாட்டனாரின் கையெழுத்துள்ளவற்றை வெளியே கொடுத்துவிட்டு, அச்சடித்த கதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பின்பக்கங்களை மட்டும் ஒளிப்படி எடுத்து அவளுக்குத் தருவதாகக் கூறியிருக்கிறேன். பத்துத் தொகுதிகளுக்கு எடுத்தாயிற்று. அவற்றைப் பார்த்தபின் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.