முகம் பார்க்கும் வேலை

கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விடிகாலையில் ஆளெடுக்கும் பிரட்டில் கணக்கப்பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், அன்றைக்கு முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேரா, பாதிக்கு அரைப்பேரா என்று சொல்லிவிடுவார். “கீழுதட்டைக் கடிச்சிக்கிட்டு வர்றாரு. பங்களாவுல துரைகிட்ட வாங்கிக் கட்டியிருக்காரு. இன்னைக்கு நமக்குத்தான்” என்பார். பெரும்பாலும் தப்பியதில்லை.

கணக்கப்பிள்ளை பதிலுக்கு அப்பாயியின் முகத்தைப் பார்த்தாரா? அவசியமில்லை. அவர் கையில் பேர் பதியும் செக்ரோல் இருந்தது.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். 110ஆவது காதலர்களுக்கு. 71ஆவது அமைச்சியலில் வருகிறது; அங்கே அரசன் வாய் திறக்குமுன் அவன் மனத்தை அறிய வேண்டியவர் அமைச்சர். குடிகளின் முகத்தை அரசன் படிப்பதற்கென்று மூன்றாவது அதிகாரம் இல்லை. (கண்ணோட்டம் என்ற அதிகாரம் இருக்கிறதே என்பீர்கள். அது இரக்கம், வாசிப்பு வேறு.)

மேலேயிருந்து கீழே பார்த்தவர்களும் உண்டு. மனித முகம் எல்லா இனத்திலும் ஒன்றுபோலத்தான் பேசுகிறதா என்று அறிய 1867இல் சார்ல்ஸ் டார்வின் 16 கேள்விகளைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பினார். வந்த பதில்கள் 36, இலங்கையிலிருந்தும் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் ஒன்றுதான் என்ற முடிவோடு 1872இல் நூல் வெளிவந்தது. வாயை இறுக மூடிப் புருவம் தாழ்த்தும் பிடிவாத முகத்தை அடையாளம் காண முடிகிறதா என்பது ஒரு கேள்வி. குற்றமுள்ள முகமும் கள்ள முகமும் தெரிகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பிரட்டுக்களத்தைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. ஆனால் இறுக மூடிய அந்த வாய்க்குத் துரைமார் வைத்த பெயர் அடக்கம்.

இரண்டாவது கேள்வி, வெட்டிய ரப்பர்ப் பாலை ஒப்படைக்கும் பால் ஸ்டோரில் கேட்கப்பட்டது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்ல மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி இருந்தது. இருந்தும் வாளியைக் கவிழ்க்குமுன் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். நாள் முழுக்க அவர் பார்த்த பார்வை அது ஒன்றுதான். அந்நேரம் அப்பாயியின் முகம் பீலிக்கரையில் துணி துவைக்கிற கல் மாதிரி ஆகிவிடும். கண் அசையாது. கழுத்து நரம்பு மட்டும் ஒருமுறை ஏறி இறங்கும். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் இதை எங்கே வைப்பது? இளிவரல் கிட்டத்தில் வருகிறது; ஆனால் இளிவரலை வெளியே காட்டவாவது ஓர் உரிமை வேண்டும்.

முகம் படிக்கும் இந்தப் படிப்பு உயிருக்கும் உதவியது. 1977இலும் 1981இலும் எங்கள் பக்கத்துச் சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழருக்கு எதிராக வன்செயல் நடந்தபோது, நெற்றிப் பொட்டை அழித்த பெண்கள் எதிரே வருகிறவனின் முகத்தைத் தூரத்திலேயே படிக்க வேண்டியிருந்தது. எங்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்த சிங்கள அம்மாவை அப்பாயிக்கு அதற்கு முன் பழக்கமே இல்லை. முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே போனாராம்.

தோட்டத் தமிழரிடமிருந்து 1948இல் சட்டம் பறித்த குடியுரிமை, 2003இல் இன்னொரு சட்டத்தால் திரும்பி வந்தது. அடையாள அட்டைக்காக அப்பாயியை டவுனுக்கு, ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, நிமிர்ந்தார். சிரிக்க வேண்டாம் என்று படம் எடுத்த பையன் சிங்களத்தில் சொன்னான்.

அப்பாயி என் பக்கம் திரும்பினார். “இங்க யாருடா சிரிச்சா?”