இவ்வருடம் என்று சொல்லப்பட்டதா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வருடந்தோறும் நீட் பரீட்சையின் முடிவு வெளியாகும் நாட்களில் நமது முஹல்லாக்களில் சில வீடுகளின் கதவு பகலிலேயே சாத்தப்பட்டு விடுகிறது. உள்ளே போனால் மையித்து வீடு போல் இருக்கும். பிள்ளை ஓர் அறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருப்பான். உம்மா அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டிருப்பார். வளைகுடா நாட்டிலிருந்து வாப்பா போனில் கூப்பிட்டால், எடுக்கத் தைரியமின்றி அதை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக் கொண்டிருப்பார்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் போனால், "என்ன பாய், மகனுக்கு சீட்டு கிடைச்சுதா?" என்று கேட்க வாசலிலேயே நாலு பேர். இந்த வீட்டாருக்காகவே இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2024ஆம் ஆண்டில் அப்பரீட்சையை எழுதியவர்கள் ஏறத்தாழ 23 லட்சம் பேர். தகுதி பெற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம். நாடு முழுவதிலும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். அவற்றிலும் ஏறக்குறைய பாதி, ஏழைகள் எட்டிப் பார்க்க முடியாத கட்டணமுள்ள தனியார் கல்லூரிகளில்! அதாவது, எழுதிய இருபது பேரில் பத்தொன்பது பேர் இடமின்றித் திரும்பியாக வேண்டும் என்பது பரீட்சை எழுதுவதற்கு முன்பே தெரிந்த விஷயம். தகுதி பெற்றவர்களிலேயே பத்தில் ஒன்பது பேர் வெளியே நின்றார்கள். அவர்களை எல்லாம் தோற்றவர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா? இடம் குறைவு, கேட்டவர்கள் அதிகம். விஷயம் அவ்வளவுதான்.

ஆயினும் கணக்கு கண்ணீரைத் துடைக்காது. துடைக்க வேண்டிய அவசரமும் இல்லை. "அழுதால் ஈமான் போய்விடும், ஸபுர் செய்" என்று முதல் நாளே பிள்ளையை அதட்டுகிற பெரியவர்கள் உண்டு. அருமை மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. தம் குழந்தை இப்ராஹீம் மடியில் உயிர் விடுகையில் நமது நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. அவர்களைவிட அழகாக ஸபுர் செய்தவர் யார்? கண்ணீர் விடுவது ஸபுருக்கு விரோதமல்ல. அல்லாஹ்வின் மீது குறை பேசுவதுதான் விரோதம். ஆகவே பிள்ளை அழட்டும். சாப்பிட மட்டும் வையுங்கள்.

இனி நான் சொல்ல வந்த வரலாற்றுக்கு வருகிறேன்.

ஹிஜ்ரி 6ஆம் வருடம் துல்கஃதா மாதம். உம்ரா செய்வதாகத் தாம் கண்ட கனவை நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டு, சஹாபாக்கள் சுமார் ஆயிரத்து நானூறு பேர் இஹ்ராம் கட்டிப் புறப்பட்டார்கள். குர்பானிக்கான ஒட்டகங்களும் கூடவே நடந்தன. முஹாஜிர்களுக்கு ஆறு வருடத்து ஏக்கம்! பிறந்த மண்ணை, கஃபாவைப் பார்க்கப் போகிறோம் என்ற பூரிப்பு. மக்காவுக்கு அருகில் ஹுதைபிய்யாவில் வந்து நின்றபோது குறைஷிகள் தடுத்து விட்டார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்த ஸுஹைல் இப்னு அம்ரு போட்ட நிபந்தனை என்ன? இவ்வருடம் திரும்பிப் போங்கள். வேண்டுமானால் அடுத்த வருடம் வாருங்கள், மூன்று நாள் தங்கலாம்.

வாசலில் வந்து நின்ற பிறகு "இல்லை, அடுத்த வருடம்" என்ற சொல்! அதன் கசப்பு எப்படியிருக்கும் என்பதை இவ்வருடம் இடம் கிடைக்காத பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும். உமர் (ரலி) அவர்களால் தாங்க முடியவில்லை. நாம் பைத்துல்லாஹ்வைத் தவாபு செய்வோம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்று நாயகத்திடமே போய்க் கேட்டார்கள். சொன்னேன், ஆனால் இவ்வருடமே என்று சொன்னேனா என்று நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை நம் வீட்டுக் கூடத்தில் வைத்து யோசியுங்கள். பிள்ளை டாக்டராக வேண்டும் என்று பத்து வருடமாக துஆச் செய்தோம். இந்த ஜூன் மாதத்திலேயே என்று நமக்கு யார் சொன்னது? தேதியைக் குறித்தவர்கள் நாம்தானே?

அடுத்து நடந்ததுதான் குடும்பத்தார் கவனிக்க வேண்டியது. ஒப்பந்தம் எழுதி முடிந்ததும், எழுந்து குர்பானி கொடுத்துத் தலை மழித்துக் கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை சொல்லியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சொல்லுக்கு முன்னே ஓடுகிற சஹாபாக்கள்! மாறு செய்ய வேண்டும் என்றல்ல; துக்கம் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது. கூடாரத்திற்குள் வந்த நாயகத்திடம் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் சொன்ன யோசனை என்ன தெரியுமா? யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே சென்று தாங்கள் முதலில் அறுத்து, தாங்கள் முதலில் தலை மழித்துக் கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் கூட்டம் முழுவதும் எழுந்து விட்டது.

தாய்மார்களே! உங்களுக்கு இதைவிடப் பாடம் எங்கே கிடைக்கும்? துக்கத்தில் உட்கார்ந்து விட்ட பிள்ளைக்கு உபதேசம் ஏறாது. "அடுத்த வீட்டு ஃபாத்திமாவைப் பார்" என்ற பேச்சு நஞ்சு போல் ஏறும். பேசாமல் நீங்கள் எழுந்து சுபுஹு தொழுங்கள்; வழக்கம்போல் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றுங்கள்; பிள்ளையின் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கி வையுங்கள். அத்தாமார்களுக்கும் அதுவே. வீட்டுப் பெரியவர் எழுந்து நடமாடினால் பிள்ளையும் எழும்.

திரும்பி வந்தவர்கள் அந்த ஒரு வருடத்தில் மதீனாவில் சும்மா இருக்கவுமில்லை. கைபர் வெற்றி அந்த இடைவெளியில்தான். பல தேசத்து மன்னர்களுக்கு அழைப்புக் கடிதங்கள் போனதும் அந்தச் சமாதான காலத்தில்தான். ஹிஜ்ரி 7இல் அதே துல்கஃதாவில் அவர்கள் மக்காவுக்குள் பிரவேசித்தபோது, யத்ரிபின் காய்ச்சல் இவர்களை நலிவித்து விட்டது என்று சொல்லிக் குறைஷிகள் வேடிக்கை பார்த்தார்கள். முதல் மூன்று சுற்றுகளில் தோள் குலுங்க விரைந்து நடக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது அதற்காகவே. ரமல் என்று ஹாஜிகள் இன்றும் செய்கிறார்களே, அதன் காரணம் இதுதான்! "போன தடவை திருப்பி அனுப்பினோமே, இளைத்துப் போயிருப்பார்கள்" என்று பார்க்கிறவர்கள் எக்காலத்திலும் உண்டு போலும்.

ஆனால் இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஹுதைபிய்யாவில் கண்டது நபியின் கனவு; அது மெய்யாகியே தீரும். நம் பிள்ளைக்கு அடுத்த வருடம் இடம் உண்டு என்று எந்த வாக்குறுதியும் வரவில்லை. "அல்லாஹ் நிச்சயம் கொடுப்பான்" என்று பிள்ளையிடம் சத்தியம் செய்து விடாதீர்கள். அடுத்த முறையும் கிடைக்காவிட்டால், பிள்ளை சந்தேகப்படுவது உங்கள் வார்த்தையை அல்ல, அல்லாஹ்வையல்லவா? நாம் ஹுதைபிய்யாவிலிருந்து எடுத்துக் கொள்வது, திரும்பிய விதத்தையும் இடைப்பட்ட வருடத்தைக் கழித்த விதத்தையுமே.

மீண்டும் எழுதுவது என்றால் எப்படி? உனக்குப் பயன் தருவதில் முனைப்புக் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்து விடாதே. ஏதேனும் நேர்ந்து விட்டால் "அப்படிச் செய்திருந்தால்" என்று சொல்லிக் கொண்டிராதே, அது ஷைத்தானுக்கு வாசல் திறக்கும் என்பது ஹதீஸின் கருத்து. வேறு கோச்சிங்கில் சேர்த்திருந்தால், அந்தக் கல்யாணத்திற்குப் போகாதிருந்தால் என்ற புலம்பல் எல்லாம் இதில் அடங்கும். இதைக் காட்டி, தவறு எங்கே என்று பார்ப்பதும் கூடாது என்பார் சிலர். அப்படியல்ல. புலம்பல் வேறு, முஹாஸபா வேறு. கடைக்காரர் வருட முடிவில் கணக்குப் பார்க்கிறாரே, அது புலம்பலா?

பரீட்சையின் அமைப்பைப் பாருங்கள். 180 கேள்விகள், 720 மார்க். சரியான விடைக்கு நான்கு. தவறான விடைக்கு ஒன்று கழியும். பாதி மார்க் உயிரியலுக்கு. மீதிப் பாதியை இயற்பியலும் வேதியியலும் பங்கிட்டுக் கொள்கின்றன. கேள்வித்தாளையும் விடைத்தாள் நகலையும் எடுத்து வைத்து, தெரியாமல் விட்டது எத்தனை, தெரிந்தும் அவசரத்தில் தவறியது எத்தனை, ஊகத்தில் குறித்து இழந்தது எத்தனை என்று மூன்றாகப் பிரித்தால் வரும் வருடத்துக்கான வேலை கண்ணுக்குத் தெரிந்து விடும். பலருக்கும் இயற்பியலே காலை வாருகிறது. அதை விட்டுவிட்டு, மனப்பாடமான உயிரியலையே மீண்டும் மீண்டும் படித்து ஆறுதலடைகிற பிள்ளைகள் உண்டு. இன்னும் ஒன்று: இப்பரீட்சையை இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை, உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. ஆகவே "வயசு போச்சே" என்ற பேச்சு வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தில் நம் மக்களின் மெத்தனம் சொல்லி முடியாது. தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. 2020 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. கவுன்சலிங் நெருங்கிய பிறகு சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்கு ஓடாமல், இந்த நிதானமான மாதங்களிலேயே பெயரும் இனிஷியலும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரி பார்த்து வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டுவதில் இதுவும் சேர்ந்ததே.

யஃகூப் நபி (அலை) தம் மக்களை எகிப்துக்கு அனுப்புகையில், ஒரே வாசலால் நுழையாமல் வெவ்வேறு வாசல்களால் நுழையச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அல்லாஹ்வின் தீர்ப்பை என்னால் தடுக்க முடியாது என்றும் சொன்னார்கள். யோசனையும் தவக்குலும் ஒரே நாவில்! எனவே மறுபடி எழுதப் போகும் பிள்ளையிடம், இன்னும் எத்தனை தடவை, அதற்குப் பின் எந்த வாசல் என்பதை இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். இஸ்திகாரா தொழச் சொல்லுங்கள். கனவில் பச்சை விளக்குத் தெரியும் என்று காத்திருக்க வேண்டாம், மனம் அமைவதும் வழி திறப்பதும் போதும். செவிலியர் படிப்பு, மருந்தியல் முதலானவையும் நோயாளியின் கட்டிலுக்கு அருகே கொண்டு சேர்ப்பவையே. "டாக்டராகாவிட்டால் ஒன்றுமில்லை" என்ற பேச்சில் பிள்ளையின் ஆசையைவிட நமது பெருமையே அதிகம் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஹராமான வாசல்களும் உண்டு. 2019இல் ஒருவருக்குப் பதில் வேறொருவர் நீட் எழுதிய ஆள்மாறாட்டம் தமிழ்நாட்டிலேயே வெளியாகி, பெற்றோரும் பிள்ளைகளும் கைதான செய்தியை அனைவரும் படித்தோம். பொய்யில் வாங்கிய இடத்தில் அமர்ந்து உயிர் காக்கும் கல்வியைப் படிப்பதா? வட்டிக்கு வாங்கி, ராத்தாவின் நகையை விற்று, ஏஜெண்டின் வார்த்தையை மட்டும் நம்பி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களும் நிதானிக்க வேண்டும். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி அவசியம். 2021இன் விதிகளின்படி படிப்பு 54 மாதத்திற்குக் குறையாமல் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். திரும்பி வந்து இங்கே தனித் தேர்வும் தேற வேண்டும். இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கிற ஏஜெண்டிடம் ஸலாம் சொல்லி எழுந்து விடுங்கள். நீட்டுக்கென்று தாயத்துக் கட்டிக் காசு பறிப்பவரிடமும் அப்படியே.

பெண் பிள்ளைகளின் நிலை தனி. மகன் இரண்டாம் முறை எழுதினால் "முயற்சி". மகள் எழுதினால் "எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது" என்ற கேள்வி. முடிவு வந்த வாரமே மாப்பிள்ளை பேச ஆரம்பித்து விடுகிறார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் வைத்தியத்தை ஃபர்லு கிஃபாயாவில் சேர்த்து, முஸ்லிம் வைத்தியர் இல்லாத ஊர்களை எண்ணி வருந்தினார்கள். பிரசவத்திற்குப் பெண் டாக்டரே வேண்டும் என்று நாம் கேட்கிறோமே, அந்தப் பெண் டாக்டர் யார் வீட்டு மகளாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்? இன்னும் ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள். நிக்காஹ் எங்கும் ஓடிப் போகாது.

இனி எழுதக் கை கூசுகிற விஷயம். 2017 முதல் இந்தப் பரீட்சையின் பேரால் தமிழ்நாட்டில் பல பிள்ளைகள் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்கள். நம் பிள்ளை அப்படிச் செய்யாது என்று எந்தச் சமுதாயமும் சொல்ல முடியாது. பிள்ளை தூங்காமல், உண்ணாமல், "நான் உங்களுக்குப் பாரம்" என்று பேச ஆரம்பித்தால், அது ஹராம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்து விடாதீர்கள். பக்கத்தில் படுங்கள். நேராகக் கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், செலவில்லை. எந்த நோய்க்கும் மருந்துண்டு, வைத்தியம் செய்யுங்கள் என்ற நபிமொழி மனதின் நோய்க்கும் சேர்த்தே.

பரீட்சை நாளைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2 மணிக்குப் பரீட்சை தொடங்கும். அதற்கு அரை மணி முன்பே வாசலை அடைத்து விடுவார்கள். ஹிஜாப் அணியும் பிள்ளைகள் சோதனைக்காக இன்னும் முன்கூட்டியே வர வேண்டும் என்பது விதி. லுஹரின் வக்து வந்ததும் தொழுது கொள்ள, மையத்துக்கு அருகில் பள்ளிவாசலோ உறவினர் வீடோ இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். உள்ளே போன பிறகு வாப்பாமார் மரத்தடியில் நின்று கட் ஆப் மார்க்கைப் பற்றிப் பேசாமல், இஸ்திஃபார் ஓதிக் கொண்டிருக்கலாம். மாலை 5 மணிக்குப் பிள்ளை வெளியே வரும்போது அஸருக்கு நேரமிருக்கும். "எத்தனை கேள்வி விட்டாய்?" என்று கேட்காமல் முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு இருவருமாகப் போய்த் தொழுங்கள்.